சேற்றுக்குச் சாட்சி சொன்ன படங்கள்

அமெரிக்க நாட்டுப்புறச் சாலைகளைத் திருத்தியது மோட்டார் கார்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் ஃபோர்டின் மாடல் டி விற்பனைக்கு வந்த 1908க்கு வெகு முன்பே நல்ல சாலைக்கான வழக்கு தொடங்கிவிட்டது. அதைத் தொடுத்தவர்கள் சைக்கிள்காரர்கள். அவர்கள் கையிலிருந்த வலுவான சாட்சியங்களில் ஒன்று புகைப்படம். மழைக்காலத்தில் வண்டியின் அச்சுவரை புதையவைக்கும் சகதி, வெயில் வந்ததும் காய்ந்துவிடும். கூடவே அதைப் பற்றிய புகாரும் காய்ந்துவிடும். அப்படி மறக்கவிடாமல் தடுத்ததுதான் கேமரா அந்த இயக்கத்துக்குச் செய்த உதவி.

சைக்கிளும் கேமராவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் சாமானியக் கைகளுக்கு எட்டின. 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் சைக்கிள், ஆளை உயரத்தில் உட்கார வைத்த பெருஞ்சக்கர வண்டிக்கு விடை கொடுத்தது. 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் ஈஸ்ட்மனின் கோடாக் கேமரா, நூறு படம் எடுக்கும் சுருளோடு 25 டாலருக்கு வந்தது. அதற்கு முந்தைய தலைமுறையினர் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் உலருமுன் படமெடுத்துக் கழுவ வேண்டியிருந்தது. அதற்காக இருட்டுக் கூடாரத்தையே சுமந்து திரிந்தார்கள். அந்தச் சுமை நீங்கியதும் நகரத்து நடுத்தர வகுப்பு இரண்டு பொழுதுபோக்கையும் ஒன்றாகவே ஏற்றது. சைக்கிளில் கொண்டுபோவதற்கென்றே கேமராக்கள் விற்பனைக்கு வந்தன. பிட்ஸ்பர்க் நகரின் ஃபிராங்க் லென்ஸ் 1892இல் கேமராவோடு சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார்; 1894இல் துருக்கியில் காணாமல் போனார்.

இவர்கள் எதிர்கொண்ட சாலைகள் பெரும்பாலும் வெறும் மண். வரிக்குப் பதிலாக ஊர்க்காரர்களே ஆண்டுக்குச் சில நாள் மண்வெட்டியோடு வந்து பள்ளத்தை மூடுவதுதான் பல இடங்களில் பராமரிப்பு. தண்ணீர் வடிய வழியில்லாத தடம் மழையில் குழம்பாகிவிடும். நடுவில் மேடும் ஓரங்களில் வடிகாலும் விட்டு, உடைத்த கல்லைப் பரப்பி இறுக்கும் கப்பிச் சாலை முறை ஐரோப்பாவில் பழகிப்போனது. அமெரிக்கக் கிராமங்களுக்கு அது எட்டவில்லை. 1880இல் தோன்றிய லீக் ஆஃப் அமெரிக்கன் வீல்மென் என்ற சைக்கிள் சங்கம் இந்த வித்தியாசத்தைக் கண்முன் காட்ட முனைந்தது. அதன் தலைவர்களில் ஒருவரான ஐசக் பாட்டர் 1891இல் விவசாயிகளை நோக்கி ஒரு பிரசுரம் எழுதினார். 1892 முதல் அச்சங்கம் நடத்திய 'குட் ரோட்ஸ்' இதழ், மோசமான சாலைகளின் படங்களைக் கேட்டு வாங்கி அச்சிட்டது. புகைப்படத்தை எழுத்தோடு சேர்த்து அச்சிடும் முறை அப்போதுதான் கைகூடியிருந்தது.

மிக மோசமான நாளைத் தேர்ந்தெடுத்துப் படமெடுப்பது நேர்மையா என்று கேட்கலாம். சாலையைப் பொறுத்தவரை அதுவே சரியான நாள். விளைச்சல் சந்தைக்குப் போகாமல் முடங்குவதும் மருத்துவர் வரமுடியாமல் போவதும் அன்றுதான். இன்னொரு ஆட்சேபம் கனமானது: பொழுதுபோக்குக்காரரின் வசதிக்கு விவசாயி ஏன் வரி கட்ட வேண்டும்? விவசாயிகள் அப்படித்தான் கேட்டார்கள், அதில் நியாயமும் இருந்தது. சைக்கிள்காரர்கள் எல்லாருக்கும் பொதுவானவர்களாகவும் நடந்துகொள்ளவில்லை. 1894இல் அச்சங்கம் கறுப்பினத்தவருக்கு உறுப்பினர் தகுதியை மறுத்தது. ஆனால் சேற்றில் சிக்கிய குதிரை வண்டியின் படம் சைக்கிள்காரரின் குறையைச் சொல்லவில்லை, விவசாயியின் நட்டத்தைச் சொன்னது. கோரியவர்களின் நோக்கம் சுயநலமானாலும் சாட்சியம் பொய்யாகிவிடாது.

படங்களால் மட்டும் சாலை வந்துவிட்டது என்பது மிகை. 1896இல் தொடங்கிய கிராமப்புற வீட்டுவாசல் தபால் சேவை விவசாயிகளையும் இந்தப் பக்கம் இழுத்தது. பெரும் பணம் மோட்டார் காலத்தில்தான் புரண்டது. ஆயினும் நியூஜெர்சி மாநிலம் சாலைக்கு நிதி ஒதுக்கும் சட்டம் இயற்றியது 1891இல். ராய் ஸ்டோன் தலைமையில் மத்திய அரசின் சாலை விசாரணை அலுவலகம் பிறந்தது 1893இல். இரண்டும் கார் பரவலாவதற்கு முந்தியவை. சாலை அரசின் பொறுப்பு என்ற கொள்கை நிலைபெற்ற பிறகே கார் அதன்மேல் ஓடியது. ஆகவே இந்த வரலாற்றைக் காரிலிருந்து தொடங்குவது, வழக்கை விட்டுவிட்டுத் தீர்ப்பை மட்டும் படிப்பதாகும்.