மூக்களந்த கருவியும் நம் மேனி நிறமும்

நம் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென அன்பர்கள் பணித்தபோது, மன்னர்களைப் பற்றி எழுதுவதினும் நம் மேனியைப் பற்றி எழுதுவதே தக்கது எனத் தோன்றிற்று. மீமிசல் கடலில் வலையிழுப்போரும் சுற்றுவட்டாரத்தில் நாற்று நடுவோரும் பெரும்பாலும் கருமேனியினரே. அக்கருமையைக் குறித்து நம் பிள்ளைகள் கூசுகின்றனர். அக்கூச்சத்திற்கும் ஒரு வரலாறு உண்டு.

எட்கர் தர்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர் 1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். 1901இல் இம்மாகாணத்து மக்களை இனவாரியாக ஆராயும் பொறுப்பும் அவரிடம் தரப்பட்டது. இடுக்கி போன்ற காலிப்பர் கருவியுடன் ஊர் ஊராகச் சென்று, தலையின் அகலத்தையும் மூக்கின் நீள அகலத்தையும் அளந்தார். வயநாட்டுப் பணியர் குலப் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடினர். தங்களுள் உடற்கட்டு மிக்கோரைப் பஞ்சடைத்துச் சென்னை அருங்காட்சியகத்தில் நிறுத்திவிடுவாரென அஞ்சினராம். நீலகிரி இருளர் ஒருவர் உயரமளக்கும் கம்பத்தைத் தூக்குமரமென்று கூறி அருகில் வர மறுத்தாராம். தர்ஸ்டன் இவற்றை வேடிக்கையாக எழுதி வைத்தார். நமக்கோ நகைப்பு வரவில்லை. எக்காலத்தும் தீண்ட வராதவர் கருவியோடு தீண்ட வந்தால் ஏழை மக்கள் அஞ்சாமல் என் செய்வர்?

1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின் ஆணையாளராயிருந்த ஹெர்பர்ட் ரிஸ்லி இத்தகைய அளவைகளுக்குப் பொருள் கற்பித்தார். மூக்கு அகன்றால் சமூகப் படி தாழ்வு, கூர்த்தால் உயர்வு என்பது அவர் கண்ட விதி. வெளுத்தவர் வந்தேறிய ஆரியர், கறுத்தவர் தோற்ற பழங்குடி என்னும் கொள்கையும் உடன் சேர்ந்தது. பழைய சாதிக் கொடுமைக்குப் புதிய விஞ்ஞான முத்திரை கிடைத்தது.

அம்முத்திரையை அழித்தவர் அண்ணல் அம்பேத்கர். சென்னையின் பிராமணரும் சென்னையின் பறையரும் ஒரே இனத்தவரே என்று 1936இலேயே அவர் எழுதினார். 1948இல் வெளிவந்த, தீண்டப்படாதோர் யார் என ஆராயும் நூலில், குர்யே என்னும் அறிஞர் தொகுத்த மூக்களவைகளையே எடுத்துக்கொண்டார். பிராமணர் ஆரியரெனின் தீண்டப்படாதோரும் ஆரியர். பிராமணர் திராவிடரெனின் இவரும் திராவிடர் என நிறுவினார். எதிரியின் கோலைக் கொண்டே எதிரியை அளந்த செயல் இது.

இனி உடற்கூறு. தோலின் மேலடுக்கில் மெலனின் என்னும் நிறமியை ஆக்கும் செல்கள் உள்ளன. அவற்றின் எண்ணிக்கை கறுத்தவர்க்கும் வெளுத்தவர்க்கும் ஏறத்தாழ ஒன்றே; ஆக்கும் நிறமியின் அளவிலும் வகையிலுமே வேறுபாடு. கடும் வெயிலின் புற ஊதாக் கதிர் உடலிலுள்ள ஃபோலேட் என்னும் சத்தைச் சிதைக்கும். கருவிலுள்ள குழந்தை வளர அச்சத்து இன்றியமையாதது. மெலனினோ குடைபோல் நின்று காக்கிறது. வெயில் குன்றிய வடபுலத்தில் வைட்டமின் டி உண்டாக வெளிர்தோல் உதவிற்று. நினா ஜப்லான்ஸ்கி முதலியோர் 2000ஆம் ஆண்டு முதல் விளக்கிவருவது இதுவே. வயலிலும் கடலிலும் வெயில் ஏற்றிய கருமையோ பிள்ளைகளுக்கு இறங்குவதன்று. அது உழைத்தவரோடு நின்றுவிடும்.

இத்தனையும் கற்பிக்கும் நாமும் ஒருமுறை தவறினோம். முன்னர்ப் பணியாற்றிய பள்ளியொன்றின் ஆண்டு விழா நாடகத்தில் அரசி வேடத்திற்கு, நன்றாக வசனம் பேசிய நம் தெருச் சிறுமியை விடுத்து வெளுத்த சிறுமி ஒருத்தியைத் தேர்ந்தோம். "நான் கறுப்புன்னா சார்?" என்று மட்டும் அவள் கேட்டாள். மேடை விளக்கில் முகம் தெரியாது என்று ஏதோ கூறிச் சமாளித்தோம். 1975இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி களிம்பே 2020இல் தன் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல்லை நீக்கிவிட்டது. அச்சிறுமிக்கு நாம் அளித்த விடையை நீக்க வழியில்லை. அவள் அவ்வாண்டே பள்ளி மாறிச் சென்றுவிட்டாள்.