ஃபிரிட்ஜுக்குள் ஒரு வரலாற்றுப் பாடம்



கோடை வந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஃபிரிட்ஜ் பற்றியவைதான். "சார், உள்ளே குளிரவே மாட்டேங்குது", "பெரியப்பா, மெக்கானிக் கேஸ் தீர்ந்துபோச்சுன்னு சொல்றார், நிஜமா?" என்று. ஓய்வு பெற்ற அறிவியல் வாத்தியாரிடம் கேட்டால் காசு கேட்க மாட்டார் என்ற நம்பிக்கை! தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே பாடமாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் வரலாறும் சேர்ந்து வரும். ஏனென்றால் ஃபிரிட்ஜின் ஒவ்வொரு பாகமும் ஏதோ ஒரு காலத்தில் யாரோ பட்ட துன்பத்துக்குக் கண்டுபிடித்த பதில்.

முதலில் சென்னைக்குப் போவோம். திருவல்லிக்கேணிப் பக்கம் 'ஐஸ் ஹவுஸ்' என்று பஸ்ஸில் டிக்கெட் கேட்டிருப்பீர்கள். பாஸ்டன் நகர வணிகர் ஃபிரெடரிக் டூடர், அமெரிக்க ஏரிகளில் உறைந்த பனியை வெட்டிக் கப்பலில் உலகம் முழுக்க விற்றவர். 1833-இல் அவருடைய சரக்கு 'டஸ்கனி' என்ற கப்பலில் கல்கத்தா வந்தது. ஏற்றியது சுமார் 180 டன். நான்கு மாதம் கடலில் வந்த பிறகும் ஏறத்தாழ 100 டன் உருகாமல் இருந்தது. 1842-இல் சென்னைக் கடற்கரையில் அதே வணிகத்துக்காகக் கட்டிய கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். 1897-இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம்.

நூறு டன் எப்படித் தப்பியது? இரண்டு காரணம். ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். உள்ளுறை வெப்பம் என்று நடத்தினேனே, நினைவிருக்கிறதா? இன்னொன்று, வெளிச்சூடு உள்ளே போகாதபடி சுற்றிலும் மரத்தூள் போன்றவற்றை அடைத்திருந்தார்கள். ஒரு டன் பனியை ஒரே நாளில் உருக்கும் அளவு வெப்பத்தை வெளியேற்றுவதுதான் 'ஒரு டன்' குளிர்திறன். நம் வீட்டு ஏசியை 'ஒன்றரை டன்' என்பது அந்தப் பனிக்கட்டிக் காலத்தின் மிச்சம்.

ஆகவே ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்றால் முதலில் மெக்கானிக்கைக் கூப்பிடாதீர்கள். டூடர் கவலைப்பட்ட விஷயத்தையே பாருங்கள்: சூடு எந்த வழியாக உள்ளே போகிறது? கதவைச் சுற்றி உள்ள ரப்பர் காஸ்கெட்தான் முதல் சந்தேகம். ஒரு காகிதத்தை இடையில் வைத்துக் கதவை மூடி மெல்ல இழுங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் அந்த இடத்தில் காஸ்கெட் பிடிக்கவில்லை. நாலு பக்கமும் இப்படிப் பாருங்கள். சோப்புத் தண்ணீரில் அழுக்கைத் துடைத்தாலே பல சமயம் சரியாகிவிடும். என் தங்கை வீட்டில் கேஸ் நிரப்பப் பெரிய தொகை கேட்டுவிட்டுப் போனார் ஒருவர். கோளாறு காஸ்கெட்டில்தான் இருந்தது.

அடுத்து அந்தக் கேஸ் கதை. திரவம் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் அதனால்தான். ஆவியான வாயுவை மறுபடி அழுத்தித் திரவமாக்கிச் சுற்றவிடும் இயந்திரத்துக்கு 1834-இல் லண்டனில் ஜேக்கப் பெர்கின்ஸ் காப்புரிமை வாங்கினார். பிற்பாடு வந்த வீட்டுப் பெட்டிகளில் சல்ஃபர் டை ஆக்சைடு போன்ற நச்சு வாயுக்கள் இருந்தன. மோட்டார் வெளியே, கம்ப்ரசர் தனியே. சுழலும் தண்டைச் சுற்றிய அடைப்பு வழியாக வாயு கசியும். 1926-இல் பெர்லினில் ஒரு குடும்பமே இரவில் அப்படிக் கசிந்த வாயுவால் இறந்த செய்தியைப் படித்துவிட்டு, ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும் அசையும் பாகமே இல்லாத ஒரு ஃபிரிட்ஜை வடிவமைத்தார்கள். 1930-இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால் கடைக்கு வரவில்லை. வென்றது இன்னொரு வழி: மோட்டாரையும் கம்ப்ரசரையும் ஒரே இரும்பு உருண்டைக்குள் வைத்து மூடிவிடுவது. ஜெனரல் எலெக்ட்ரிக் 1927-இல் கொண்டுவந்த 'மானிட்டர் டாப்' அப்படிப்பட்டது. உங்கள் ஃபிரிட்ஜின் பின்னால் கீழே இருக்கும் கருப்பு உருண்டை அதன் பேரப்பிள்ளை.

இதிலிருந்து ஒரு உண்மை புரிய வேண்டும். மூடிய சுற்றில் ஓடும் வாயு பெட்ரோல் மாதிரி செலவாகித் தீராது. குறைந்தால் எங்கோ ஓட்டை என்று பொருள். ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்பினால் காசும் சேர்ந்து கசியும்.

நச்சு வாயுவுக்கு மாற்றாக 1928-இல் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் சி.எஃப்.சி.யைக் கொண்டுவந்தார்கள். அது பாதுகாப்பானது என்று காட்ட, அவர் அந்த வாயுவை மூச்சில் இழுத்து மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார். வீட்டுக்குள் யாரும் சாகவில்லை. ஆனால் அது ஓசோனை அழிக்கும் என்று 1974-இல் மொலினாவும் ரோலண்டும் எச்சரித்தார்கள். 1987-இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. நம் பள்ளியில் செப்டம்பர் 16 ஓசோன் தினம் கொண்டாடியது அதற்காகத்தான்.

இப்போது வரும் பெரும்பாலான வீட்டு ஃபிரிட்ஜ்களில் ஐசோபியூட்டேன், அதாவது ஆர்600ஏ. ஓசோனுக்குக் கெடுதல் இல்லை, ஆனால் தீப்பற்றும். அளவு சில பத்து கிராம்தான் என்பதால் சாதாரணப் புழக்கத்தில் பயம் வேண்டாம். ஃப்ரீசரில் கட்டிய பனியைக் கத்தியால் குத்தாதீர்கள். குழாய் ஓட்டையாகும். அணைத்து, கதவைத் திறந்து வைத்தால் தானே உருகும். வாயு இருக்கும்போதே குழாயில் பற்றவைக்க வரும் மெக்கானிக்கை வீட்டுக்குள் விடாதீர்கள். அந்த வாயுவைக் கையாளத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

மற்ற சில கேள்விகளுக்குச் சுருக்கமாக:

பக்கவாட்டுச் சுவர் சூடாக இருக்கிறதா? பழைய பெட்டிகளில் பின்னால் இருந்த கம்பி வலை இப்போது சுவருக்குள் இருக்கிறது. உள்ளே இருந்த சூடுதான் அப்படி வெளியேறுகிறது. சுவரோடு ஒட்டி வைக்காமல் காற்றுப் போக இடம் விடுங்கள்.

காய்கறித் தட்டின் கீழ் தண்ணீரா? ஃப்ராஸ்ட் ஃப்ரீ பெட்டியில் உருகிய நீர் போகும் துளை அடைத்திருக்கும்.

'டிக்' என்று சத்தம் வந்து கம்ப்ரசர் நின்றுவிடுகிறதா? கரண்ட் போய் உடனே வந்தால் உள்ளழுத்தம் சமமாகச் சில நிமிடம் வேண்டும். அணைத்துவிட்டுப் பொறுத்துப் போடுங்கள். அடிக்கடி நடந்தால் வோல்டேஜைப் பாருங்கள்.

கரண்ட் இல்லாதபோது கதவைத் திறக்காதீர்கள். நான்கு மணி நேரம்வரை குளிர் தாங்கும். இன்சுலின் வைத்திருக்கும் வீடுகள் இதைக் கவனமாகக் கேளுங்கள்: அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. உள்ளே ஒரு சிறு வெப்பமானி வாங்கி வையுங்கள். மருந்து கெட்டது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம்.

கடைசியாக ஒன்று. அந்தக் காலத்து ஃபிரிட்ஜ் கதவில் தாழ்ப்பாள் இருந்தது. உள்ளிருந்து திறக்க முடியாது. அமெரிக்காவில் கைவிட்ட பெட்டிகளுக்குள் ஒளிந்து விளையாடிய குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்தார்கள். 1956-இல் அங்கே சட்டமே கொண்டுவந்தார்கள், கதவு உள்ளிருந்தும் திறக்க வேண்டும் என்று. நம் காஸ்கெட்டுக்குள் காந்தம் இருப்பது நன்றாக மூடுவதற்கு மட்டுமல்ல, குழந்தை தள்ளினால் திறப்பதற்கும்தான். மாடியிலோ தோட்டத்திலோ பழைய ஃபிரிட்ஜ் கிடந்தால், காந்தக் கதவாகவே இருந்தாலும், இன்றே கதவைக் கழற்றிவிடுங்கள். லீவுக்குப் பேரப்பிள்ளைகள் வரும் நேரம் இது.

வழக்கம்போல் வீட்டுப்பாடம் உண்டு. உங்கள் ஃபிரிட்ஜின் பின்னால் உள்ள ஸ்டிக்கரில் எந்த வாயு, எத்தனை கிராம் என்று பார்த்துக் கீழே எழுதுங்கள். கடைசி பெஞ்சுக்காரர்களும்தான்!

எல்லோரும் நலமாக இருங்கள்.