நூறு மாடிக்கு எவ்வளவு இரும்பு?

சிவில் மூன்றாம் ஆண்டு வகுப்பில் எங்கள் பேராசிரியர் ஒரு படத்தைத் திரையில் போட்டு, "இதுல என்னப்பா தெரியுது?" என்று கேட்டார். கறுப்பாக, மேலே போகப்போக ஒடுங்கும் கோபுரம். முகம் முழுக்க ராட்சதப் பெருக்கல் குறிகள். "இன்னும் சாரத்தைப் பிரிக்கல போல சார்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "அந்தப் பெருக்கல் குறியாலதான் அது நிக்குது" என்றார்.

அது சிகாகோவின் ஜான் ஹான்காக் சென்டர். நூறு மாடி, 344 மீட்டர். 1965ல் வேலை தொடங்கி அந்தப் பத்தாண்டின் இறுதியில் எழுந்தது. இன்று 'பசுமைக் கட்டடம்' என்று எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் எனக்கு இந்தக் கறுப்புக் கட்டடம்தான் ஞாபகம் வருகிறது.

முதலில் அங்கே இரண்டு கோபுரங்கள் வருவதாக இருந்தது. குடியிருப்புக்கு 70 மாடி, அலுவலகத்துக்கு 45 மாடி. இரண்டையும் நிறுத்தினால் மனை அடைந்துபோகும், ஒன்றின் ஜன்னலை மற்றது மறைக்கும். எஸ்ஓஎம் நிறுவனத்தின் கட்டடக் கலைஞர் புரூஸ் கிரகாமும் பொறியாளர் ஃபஸ்லூர் ரஹ்மான் கானும் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். கீழே கடைகள், பிறகு கார் நிறுத்தம், அதற்குமேல் அலுவலகங்கள், 44ஆம் மாடிக்கு மேலே சுமார் 700 வீடுகள்.

கட்டடம் ஏன் ஒடுங்குகிறது என்பதற்கும் பதில் இதில்தான் இருக்கிறது. அலுவலகத்துக்கு அகலமான தளம் வேண்டும். ஜன்னலிலிருந்து தள்ளி மேசை போட்டாலும் வேலை நடக்கும். வீடு அப்படியில்லை. நடு அறை இருட்டாகக் கிடந்தால் யார் குடிவருவார்கள்? ஆக, அகலமான அலுவலகம் கீழே, ஒடுங்கிய வீட்டுத் தளம் மேலே. உச்சி குறுகியதால் காற்று மோதும் பரப்பும் குறைந்தது.

உயர்ந்த கட்டடத்துக்குப் பெரிய எதிரி காற்றுதான். வழக்கமான தூண்-உத்தரச் சட்டகத்தில் மாடி ஏற ஏற, காற்றைத் தாங்குவதற்காக மட்டுமே இரும்பைக் கொட்டிக்கொண்டே போக வேண்டும். 1929ல் டாக்காவில் பிறந்து, 1952ல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா போன கானின் மூளை இந்த வீண்செலவைச் சுற்றியே ஓடியது. மூங்கிலை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒன்றுமில்லை, பலமெல்லாம் ஓரத்தில். அதுபோலக் கோபுரத்தின் வெளிச்சுவரையே குழாயாக்கி, மூலைவிட்டமாகப் போகும் உத்தரங்களால் இறுக்கிக் கட்டினார். நான் சாரம் என்று நினைத்தது அதைத்தான்.

பலன்? 1931ன் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஒரு சதுர மீட்டர் தளத்துக்கு ஏறக்குறைய 206 கிலோ இரும்பு. இங்கே 145 கிலோ. ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஓர் ஆளின் எடை மிச்சம்.

இரும்பு குறைந்தால் கட்டடம் ஆடாதா? ஆடும். எல்லா உயர்ந்த கட்டடமும் ஆடும். ஆனால் இங்கே மேல்பாதியில் மக்கள் படுத்துத் தூங்கப் போகிறார்கள். சிகாகோ அருங்காட்சியகம் ஒன்றில் சலவை இயந்திரக் காட்சிக்காகச் சுழலும் மேடை இருந்தது. கான் அதில் ஆட்களை நிற்கவும் உட்காரவும் படுக்கவும் வைத்து, எவ்வளவு அசைவு உடம்புக்குத் தெரிகிறது என்று சோதித்துப் பார்த்தார். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இது.

சிக்கனம் வேறு, குறைவேலை வேறு என்பதற்கும் அங்கேயே சாட்சி உண்டு. 1966ல் அஸ்திவாரத் தூண் ஒன்று பாரம் ஏறியதும் கீழே இறங்கியது. ஆராய்ந்தால், கான்கிரீட்டுக்கு நடுவே வெற்றிடம். மாதக்கணக்கில் வேலை நின்றது, மற்ற அஸ்திவாரங்களையும் சோதித்தார்கள். கட்டத் தொடங்கியவர் நொடித்துப்போக, கடன் கொடுத்த காப்பீட்டு நிறுவனம் கட்டடத்தை எடுத்துக்கொண்டது.

இதை இன்றைய அர்த்தத்தில் பசுமைக் கட்டடம் என்று நான் சொல்லவில்லை. மின்சாரம் மலிவாக இருந்த காலத்தில் எழுந்த கண்ணாடிக் கோபுரம் அது. 'நீடித்த வளர்ச்சி' என்ற சொல்லே 1987ன் பிருண்ட்லாண்ட் அறிக்கைக்குப் பிறகுதான் பரவலானது. கானோ 1982லேயே, 52 வயதில் இறந்துவிட்டார். ஆனால் ஒரு கட்டடம் விடும் கரியில் கணிசமான பங்கு, முதல் ஆள் குடியேறுவதற்கு முன்பே, இரும்பும் சிமெண்டும் தயாராகும்போதே வெளியேறிவிடுகிறது. உருக்காத இரும்புக்குப் புகையே கிடையாது.

போன வருடம் நான் வேலை பார்க்கும் இடத்துக்குக் கடையும் அலுவலகமும் வீடும் சேர்ந்த ஓர் அடுக்குமாடித் திட்டம் வந்தது. சோலார் தகடு எங்கே, மாடித்தோட்டம் எங்கே என்று இரண்டு மணிநேரம் பேச்சு. "இந்தத் தூண் இவ்ளோ பெருசா இருக்கணுமா?" என்று கேட்டேன். "இருந்துட்டுப் போகட்டும்பா, சேஃப்டிதானே" என்றார் மூத்தவர். பாதுகாப்புக்குக் கணக்கு இருக்கிறது. பயத்துக்குத்தான் கணக்கு கிடையாது. மூன்று வாரம் உட்கார்ந்து திரும்பக் கணக்குப் போட்டேன். அவர் வரிக்கு வரி சரிபார்த்தார். பதினோரு தூண்கள் மெலிந்தன.

விளம்பரத்தில் மாடித்தோட்டம் வந்தது. தூண்கள் வரவில்லை.