எண்பது சென் கறியும் தலைமறைவு மாப்பிள்ளையும்

டோக்கியோவுக்குப் பொட்டி தட்டப் போன முதல் வாரம். ஆபீஸுக்குப் பக்கத்துல இருந்த சாப்பாட்டுக் கடை வாசல்ல, பிளாஸ்டிக்ல செஞ்ச சாப்பாட்டு மாதிரிகளைக் கண்ணாடிக்குள்ள அடுக்கி வெச்சிருந்தாங்க. எனக்குத் தெரிஞ்ச ஜப்பானிய மொழி நாலே நாலு வார்த்தை. கூட வந்தவர் ஒரு தட்டைக் காட்டி "கரே" என்றார். கறியா? ஆஹா, நம்ம ஆளுய்யா நீ!

வந்தது என்னன்னா, ஒரு பக்கம் ஒட்டிக்கிட்ட சோறு, இன்னொரு பக்கம் பழுப்பு நிறத்துல கெட்டியா, லேசா இனிக்கிற ஒரு குழம்பு. ஓரத்துல சிவப்பா இனிப்பு ஊறுகாய். காரம் மருந்துக்கும் இல்லை. மதுரைக்காரனுக்கு வந்த சோதனையைப் பாருங்க மக்களே :-)

அன்னிக்கு ராத்திரி ரூமுக்கு வந்து, அம்மா கட்டிக் கொடுத்த பருப்புப் பொடியில சோத்தைப் பிசைஞ்சு சாப்பிட்டுட்டு, "இந்தக் கரே எங்கேருந்துடா வந்துச்சு"ன்னு தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டத் தோண்டக் கிடைச்சது சமையல் குறிப்பு இல்லை, சரித்திரம்.

நம்ம 'கறி' போர்ச்சுக்கீசியர் வாய்க்குள்ள போய், ஆங்கிலேயர் வாய் வழியா 'கர்ரி' ஆகி, மெய்ஜி காலத்துல கப்பலேறி ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்தது. அதனால ஜப்பான்காரங்களுக்கு அது இந்தியச் சாப்பாடு இல்லை, மேல்நாட்டுச் சாப்பாடு! 1872-ல் வெளிவந்த ஒரு மேல்நாட்டுச் சமையல் புத்தகத்தில் கறி செய்முறை இருக்கு. அதுல போடச் சொல்லியிருக்கும் சாமான்களில் ஒண்ணு தவளை. (சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க மன்னிக்கவும்.) அப்புறம் கடற்படைக்காரர்கள் பிடிச்சுக்கிட்டாங்க. 1908-ல் வந்த கடற்படைச் சமையல் கையேட்டிலும் கறி சாதம் உண்டு. மைதாவைக் கொழுப்பில் வறுத்து, மசாலாப் பொடி கலந்து கெட்டியாக்குவது ஆங்கிலேயர் பாணி. நான் சாப்பிட்டது அந்த வம்சம்தான்.

அப்போ நிஜமான இந்தியக் கறி அங்கே எப்படிப் போச்சு? ஒரு வெடிகுண்டு வழக்கால் போச்சு.

டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் குமாஸ்தா வேலை பார்த்தவர் ராஷ் பிஹாரி போஸ். 1912 டிசம்பரில், டெல்லியில் யானை மேல் ஊர்வலம் வந்த வைஸ்ராய் ஹார்டிஞ்ச் மீது குண்டு வீசிய சதியின் மூளை அவர்தான். வைஸ்ராய் காயத்தோடு தப்பித்தார். 1915-ல் ராணுவத்தில் கிளர்ச்சி கிளப்பப் போட்ட கதர் கட்சித் திட்டமும் காட்டிக் கொடுக்கப்பட்டுப் பாழானது. ரவீந்திரநாத் தாகூரின் உறவினர் போல 'பி.என்.தாகூர்' என்று பெயர் வைத்துக்கொண்டு ஜப்பானுக்குக் கப்பலேறினார் மனுஷன்.

ஆனா ஜப்பானும் பிரிட்டனும் அப்போ கூட்டாளிகள். 1902-லேயே ஒப்பந்தம். பிரிட்டன் நெருக்க, 1915 நவம்பர் கடைசியில் நாட்டை விட்டு வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தது. அப்போ கைகொடுத்தவர் தோயாமா மிட்சுரு. அவர் ஏற்பாட்டில் போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவி போஸ் போய் ஒளிந்த இடம், ஷின்ஜுகுவில் இருந்த நகாமுராயா என்ற பேக்கரி. முதலாளி சோமா ஐசோவும் அவர் மனைவி கொக்கோவும் கடைக்குப் பின்னால் இருந்த ஓவியக்கூடத்தில் அவரை மாசக்கணக்கில் மறைத்து வைத்தார்கள். பேக்கரி நடத்துறவங்களுக்கு இது தேவையா? மாட்டியிருந்தால் கடையே போயிருக்கும்.

1916-ல் உத்தரவு தளர்ந்தாலும் ஆபத்து விடலை, வீடு மாறி மாறி ஒளிந்து வாழ்ந்தார். 1918-ல் சோமா தம்பதியின் மகள் தோஷிகோ அவரை மணந்தார். ரெண்டு குழந்தைகள். 1923-ல் போஸ் ஜப்பானியக் குடிமகன் ஆனார். கொஞ்சம் நிம்மதியா மூச்சு விடும்போது, 1925-ல் தோஷிகோ இறந்துபோனார். முப்பது வயசு கூட ஆகலை.

1927-ல் நகாமுராயா உணவகம் ஆரம்பித்தபோது, மாப்பிள்ளை மாமனாரிடம் "இங்கே விக்கிறது கறியே இல்லை, நான் செஞ்சு காட்டுறேன்" என்று இறங்கினார். மைதா கிடையாது. எலும்போட கோழி, மசாலா, தயிர். மத்த கடைகளில் தட்டு 10, 12 சென் விற்ற காலத்தில் இது 80 சென். அப்படியும் கூட்டம் அள்ளியது. இன்னிக்கும் அந்தக் கறிக்கு 'காதலும் புரட்சியும் கலந்த சுவை' என்றுதான் விளம்பரம்.

இதை வெறும் ஹீரோ கதையா முடிச்சா நேர்மையா இருக்காது. போஸைக் காப்பாத்தின தோயாமா, ஜப்பான் ஆசியாவில் விரிந்து பரவணும்னு நின்ற ஆள். 1910-லிருந்து கொரியா ஜப்பானின் காலனி. ஒரு சாம்ராஜ்யத்திடமிருந்து தப்பிக்க இன்னொரு சாம்ராஜ்யத்தின் நிழலில் ஒதுங்கினார் போஸ். அதைத் தப்புன்னு சொல்ல, ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கிற எனக்கு வாய் வரலை. கொரியாக்காரர் ஒருத்தர் சொன்னால் மறுக்கவும் வராது.

1943-ல் சிங்கப்பூரில் இந்திய சுதந்திர லீகின் தலைமையை சுபாஷிடம் ஒப்படைத்தார். 1945 ஜனவரியில் டோக்கியோவில் காலமானார். சுதந்திரத்துக்கு இன்னும் ரெண்டரை வருஷம் இருந்தது. 1915-ல் கப்பலேறியவர் ஊர் மண்ணை மறுபடி மிதிக்கவே இல்லை.

ஒரு சனிக்கிழமை ஷின்ஜுகு போய் அந்தக் கறியைச் சாப்பிட்டேன். நம்ம ஊர்க் கோழிக்குழம்பு இல்லை, அதெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. ஆனா கெட்டிக் குழம்பைத் தாண்டி, மசாலா வாசனை மூக்கில் ஏறியது. அந்த வாரம்தான் மேனேஜர் "இன்னும் ஒரு வருஷம் இருக்க முடியுமா?" என்று கேட்டிருந்தார். காசு நல்லாத்தான் வரும். அம்மாகிட்ட இன்னும் சொல்லலை. வாட்ஸப்பில் தினமும் முகம் பார்த்துக்கிட்டே, "ஊரை விட்டு வந்துட்டேன்"னு பத்து நாளா புலம்பிக்கிட்டிருந்தேன். எனக்கு டிக்கெட் போட்டால் மறுநாள் மதுரை. அவருக்கு அந்த வழியே இல்லை. அதனாலதான் ஊரை அடுப்பில் ஏத்தியிருக்கார் போல.

அம்மாகிட்ட அன்னிக்கே பேசிட்டேன். "ஆறு மாசம் மட்டும், பொங்கலுக்கு வந்துடறேன்"னு சொன்னேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டாங்க: "பருப்புப் பொடி தீந்துருச்சாடா?"