கயிறும் பாம்பும்: சக்கரத்தின் இன்னொரு வரலாறு

கயிற்றைப் பாம்பென்று கண்டு அஞ்சுவது வேதாந்திகளின் பழைய உவமை. அங்கே கயிறு மெய், பாம்பு பொய். 1972இல் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் ஷிகேயோ ஹிரோசே ஓடவிட்ட இயந்திரம் இந்த உவமையைப் புரட்டிப்போட்டது. அவர் இட்ட பெயருக்கு 'இயங்கும் கயிற்றுப் பொறி' என்று பொருள். 20 மூட்டுகள், சுமார் 2 மீட்டர் நீளம், நொடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர் வேகம். நெளிந்தே முன்னேறியது.

'இயற்கையைக் காப்பியடிச்சுட்டாங்க' என்று சொல்லி நகர்ந்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. பாம்பின் நகர்வை ஓர் இயக்கவியல் பிரச்சினையாக ஜேம்ஸ் கிரே 1946இலேயே எழுதியிருந்தார். பக்கவாட்டில் உந்த ஏதாவது இருந்தால்தான் நெளிவு நகர்வாக மாறும். வழவழப்பான தரையில் பாம்பு நெளியும், ஆனால் போய்ச்சேராது. சக்கரத்துக்குச் சாலை வேண்டும். பாம்புக்கோ தடைதான் வழி.

சரி, ஹிரோசே என்ன செய்தார்? கயிற்றின் அடியில் சின்னச் சின்னச் சக்கரங்களை வைத்தார். பாம்புக்குச் சக்கரமா என்று சிரிப்பு வரலாம். ஆனால் அவற்றை எந்த மோட்டாரும் சுழற்றவில்லை. முன்னோக்கி உருள வேண்டும், பக்கவாட்டில் வழுக்கக் கூடாது, அவ்வளவுதான் அவற்றின் வேலை. வண்டியைச் செலுத்திய சக்கரம் இங்கே வெறும் உராய்வின் உத்தியாகச் சுருங்கிவிட்டது.

அதே எழுபதுகளில் ஸ்வீடனின் பெங்ட் இலோன் நேரெதிராக யோசித்தார். சக்கரத்தின் விளிம்பில் 45 பாகைச் சாய்வில் உருளைகள். நான்கு சக்கரங்களையும் வெவ்வேறு விதமாகச் சுழற்றினால் வண்டி முகம் திருப்பாமலே பக்கவாட்டில் போகும். 1975இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஒருவர் பக்க நகர்வைத் தடுத்து வழி கண்டார். மற்றவர் அதை அனுமதித்து. ஆனால் இரண்டு இயந்திரங்களும் நம்பியிருந்தது சமதளத்தைத்தான்: ஆய்வுக்கூடத்தின் தரை, தொழிற்சாலையின் தரை. 'எத்திசையும்' என்ற சொல்லாடலுக்குள் இடிபாடு என்கிற திசை இல்லை.

அந்தத் திசையை 1995இன் கோபே நிலநடுக்கம் காட்டியது. 6,400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பிறகே மீட்பு ரோபோ என்பது ஜப்பானில் தனித் துறையாக வலுப்பெற்றது. கயிறு ஆய்வுக்கூடத்தைவிட்டு வெளியே வர வேண்டியதாயிற்று.

2017 செப்டம்பரில் மெக்ஸிகோ நகரம் குலுங்கியபோது, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தினர் தங்கள் பாம்பு ரோபோவைக் கொண்டுபோனார்கள். இடிந்த கட்டடத்துக்குள் அது நுழைந்தது, படம் அனுப்பியது. உயிரோடு யாரையும் காணவில்லை.

தொழில்நுட்ப வரலாறுகள் இந்தக் கடைசி வாக்கியத்தை அடிக்குறிப்புக்குத் தள்ளிவிடுகின்றன. அதை நடுப்பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும் என்பது என் வாதம். தோல்வி என்று கணக்கெழுத அல்ல. யாருமில்லாத ஒரு பொந்தைப் பார்த்துச் சொல்வதும் வெளியே காத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல்தான். ஆனால் கட்டடம் ஏன் விழுந்தது, அதை யார் கட்டினார்கள், யார் அனுமதித்தார்கள் என்பதை எந்தக் கேமராவும் அனுப்பாது. அந்தக் கேள்வியை இயந்திரத்தின் தலையில் கட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.