மூன்று மணித்தியாலம் ஒரு பிளொப்பியில்: வலுக் குறைஞ்ச கணினியில் கேம் பதிஞ்ச வரலாறு

"நல்ல பிசி இல்லாம கேம் ஸ்ட்ரீம் பண்ணேலாது." தீவுப்பக்கத்துப் பெடியளிட்ட இந்த வசனத்தை அடிக்கடி கேக்கலாம். கிராபிக்ஸ் கார்ட் வேணும், வேகமான இணையம் வேணும், நிக்காத கரண்ட் வேணும். நெடுந்தீவிலோ அனலைதீவிலோ இந்த மூன்றும் ஒரே நேரத்தில் கிடைப்பது லேசான காரியம் இல்லை. ஆனால் கேம் பதிவின் வரலாற்றை முதலிலிருந்து பார்த்தால், அது வலுக் குறைந்த கணினிகளில்தான் பிறந்தது என்று தெரியும்.

1993 டிசம்பர் 10 அன்று அமெரிக்காவின் ஐடி சொப்ட்வெயார் நிறுவனம் 'டூம்' என்ற விளையாட்டை வெளியிட்டது. 386 ரக சில்லும் 4 எம்பி ராமும் இருந்தால் அது ஓடும். அந்தக் காலத்து வீட்டுக் கணினியால் ஓடுகிற படத்தைப் பிடித்துச் சேமிக்கவே முடியாது. அப்படியிருந்தும் டூமில் உங்கள் ஆட்டத்தைப் பதிந்து நண்பருக்கு அனுப்பலாம். அதை 'டெமோ' என்றார்கள்.

அது எப்படி முடிந்தது? டூம் படத்தைச் சேமிக்கவில்லை, ஆடுபவரின் கையைச் சேமித்தது. விநாடிக்கு 35 தடவை, நீங்கள் முன்னுக்குப் போகிறீர்களா, பக்கவாட்டில் நகர்கிறீர்களா, எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள், எந்தப் பொத்தானை அமத்துகிறீர்கள் என்பதை மட்டும் 4 பைட்டில் குறித்து வைத்தது. திரும்பப் போடும்போது விளையாட்டே அந்தக் குறிப்பை வாசித்து முழு ஆட்டத்தையும் புதிதாக ஆடிக் காட்டும். பேய்கள் தாறுமாறாக நகர்வது மாதிரித் தெரிந்தாலும், அந்தத் தாறுமாறுகூட 256 எண்கள் கொண்ட ஒரு மாறாத பட்டியலில் இருந்துதான் வந்தது. அதனால் எத்தனை தரம் போட்டாலும் அதே ஆட்டம்தான் வரும். சதுரங்கக்காரர் காய் நகர்த்தல்களை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வைப்பதும் இதே வேலைதான். கடதாசியில் பலகை இல்லை, ஆனால் ஆட்டம் முழுக்க இருக்கிறது.

கணக்குப் பாருங்கோ. விநாடிக்கு 140 பைட், நிமிடத்துக்கு 8,400 பைட். 1.44 எம்பி பிளொப்பி ஒன்றில் கிட்டத்தட்ட மூன்று மணித்தியால ஆட்டம் அடங்கும். இண்டைக்கு 720பி வீடியோவை 2,500 கேபிபிஎஸ் வேகத்தில் ஸ்ட்ரீம் பண்ணினால், அதே பிளொப்பியில் ஐந்து விநாடிகூட அடங்காது.

அந்த டிசம்பரில் யாழ்ப்பாணக் குடாநாடு மூன்று வருஷத்துக்கு மேலாகக் கரண்ட் இல்லாமல் இருந்தது. 1990 ஜூனில் போர் திரும்பத் தொடங்கியதோடு மின்சாரம் நின்றது. அதே ஆண்டு ஓகஸ்டில் இராணுவம் தீவகத்தில் இறங்க, பெருந்தொகையான சனம் ஊரை விட்டு வெளிக்கிட்டது. பற்றறி தடை செய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. மண்ணெண்ணெய் யானை விலை. சைக்கிளைக் கவிட்டு வைத்து, பெடலைச் சுத்தி, டைனமோவில் வரும் கரண்டில் றேடியோ கேட்டார்கள். படம் பார்க்கிறதெண்டால் ரிவி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் ஒரு இரவுக்கு வாடகைக்கு எடுத்து, விடிய விடியப் பார்த்து முடிக்கவேணும். உங்கட அம்மா அப்பாவைக் கேட்டுப் பாருங்கோ, சொல்லுவினம்.

டூமை எழுதியவர்களுக்கு இந்த ஊரைத் தெரிந்திருக்காது. ஆனால் இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றுதான்: இருக்கிற கொஞ்ச வலுவை எதுக்குக் குடுக்கிறது, எதை விடுகிறது? டைனமோவைச் சுத்தின ஆள் வெளிச்சத்தை விட்டுச் செய்தியை எடுத்தார். டெமோ படத்தை விட்டு ஆட்டத்தை எடுத்தது.

இந்த வழி டூமோடு முடியவில்லை. 1996இல் வந்த 'குவேக்' விளையாட்டிலும் டெமோ இருந்தது. அதை வைத்து அதே ஆண்டில் 'டயறி ஒஃப் எ கேம்பர்' என்ற குட்டிப் படத்தை ரசிகர்கள் செய்தார்கள். கேமுக்குள்ளேயே படம் எடுக்கும் கலைக்கு அதுதான் முன்னோடி என்று இப்போதும் சொல்லப்படுகிறது. 2001இல் 'ஸ்டார்கிராஃப்ட்' விளையாட்டுக்கு ரீப்ளே வசதி வந்தது. 2000களின் நடுப்பகுதியில் 'லெட்ஸ் பிளே' என்ற வகை தொடங்கியபோது, அதில் வீடியோவே இல்லை. ஆடிக்கொண்டு போகும்போது எடுத்த ஸ்கிரீன்ஷொட்டுகளும் கீழே பகிடியாக எழுதின வரிகளும்தான்.

டெமோவுக்கு ஒரு பெரிய குறையும் உண்டு. பார்க்கிறவரிடமும் அதே விளையாட்டு, அதே பதிப்பு இருக்கவேணும். புதுப் பதிப்பு வந்தால் பழைய டெமோ குழம்பும், சிலவேளை ஓடவே ஓடாது. வீடியோவுக்கு அந்தக் கரைச்சல் இல்லை. ஆர் வேண்டுமானாலும் எந்தப் போனிலும் பார்க்கலாம். உலகம் வீடியோப் பக்கம் போனதுக்கு இது போதுமான காரணம்.

ஆனால் அதற்கான விலையைக் கணினி குடுத்தது. 720பி படத்தைச் சுருக்காமல் விநாடிக்கு 30 தடவை பிடித்தால் விநாடிக்கு 83 எம்பி அளவில் வரும். 1999இல் வந்த 'ஃப்ராப்ஸ்' மென்பொருள் படத்தை அதிகம் சுருக்காமல் சேமிக்கும். கண் மூடி முழிக்க ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிடும். 2007இல் ஜஸ்டின் டிவி, 2011 ஜூனில் அதிலிருந்து பிறந்த ட்விச் என்று நேரடி ஒளிபரப்பு வந்ததும் சுமை இரட்டிப்பானது. ஒரே சில்லு கேமையும் ஓட்டவேணும், அதே கணத்தில் படத்தைச் சுருக்கி அனுப்பவும் வேணும்.

வலுக் குறைந்த கணினிக்காரருக்கு இரண்டு பக்கத்தால் கை குடுபட்டது. ஒன்று, 2011இல் இன்டெல் தன் சில்லுக்குள்ளேயே வைத்த 'குயிக் சிங்க்'. படம் சுருக்குவதற்கென்றே தனியாக ஒரு பகுதி, அதனால் கேமுக்குரிய வலுவில் அவ்வளவாகக் கை வைக்காது. அதற்குப் பிறகு வந்த இன்டெல் கணினிகள் பலவற்றில், அலுவலகத்தில் பாவித்துக் கழிச்சு விற்பவை உட்பட, இது இருக்கிறது. மற்றது, 2012இல் ஹியூ பெய்லி வெளியிட்ட ஓபிஎஸ் என்ற இலவச, திறந்த மூல மென்பொருள். அதில் இந்தச் சில்லையும் பாவிக்கலாம். சில்லு இல்லையெண்டால் 'வெரிஃபாஸ்ட்', 'அல்ட்ராஃபாஸ்ட்' போன்ற தெரிவுகள் உண்டு. வேகம் கூடக் கூடச் சில்லுக்கு வேலை குறையும், படம் கொஞ்சம் மங்கும். திரும்பவும் அதே கேள்விதான்: எதை வைக்கிறது, எதை விடுகிறது.

இப்ப தீவுக்கு வருவம். ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவுக்குத் தரைப்பாதை உண்டு. குறிகட்டுவானுக்கு அப்பால் கடல்தான். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவை நீண்ட காலமாக டீசல் இயந்திரங்களின் கரண்டையே நம்பியிருந்தவை. இந்த மூன்று தீவுகளுக்கும் காற்றாலை, சூரியக்கலம், பற்றறி சேர்ந்த கலப்பு மின்திட்டம் ஒன்று 2021 ஜனவரியில் சீன நிறுவனம் ஒன்றுக்கு என்று முடிவானது. இந்தியா ஆட்சேபித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் சீனத் தரப்பு திட்டத்தை இடைநிறுத்தியது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் ஒப்பந்தமாகி, 2024 மார்ச்சில்தான் கட்டுமானத்துக்கான ஒப்பந்தம் கைச்சாத்தானது. இரண்டு பெரிய நாடுகள் இழுபட, மூன்று சின்னத் தீவுகள் பார்த்துக்கொண்டிருந்தன. அதற்கிடையில், 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டப்பட்டது. அண்டைக்குக் கொழும்புக்காரரும் கொஞ்சம் தீவுக்காரர்தான்.

இப்படியான இடத்தில் லைவ் போறதை முதல் படியாக வைக்கத் தேவையில்லை. 2,500 கேபிபிஎஸ் எண்டால் மணித்தியாலத்துக்கு ஒரு ஜிபிக்கு மேல் மேலேற்றவேணும், அதுவும் இடையில் அறாமல். முதலில் கணினியிலேயே பதியுங்கோ. 720பி, 30 ஃப்ரேம் போதும். கோப்பு வகையில் சாதாரண எம்பி4ஐ விட்டு எம்கேவியை எடுங்கோ. எம்பி4 கோப்பின் அட்டவணை பதிவு முடியிறபோதுதான் எழுதப்படும். நடுவில் கரண்ட் போனால் முழுக் கோப்பும் பழுது. எம்கேவி அப்பப்பவே எழுதிக்கொண்டு போகும், கரண்ட் போன கணம் வரைக்கும் மிஞ்சும். மேலேற்றுகிற வேலையை இணையம் லேசாக இருக்கிற ஒரு இரவுக்கோ, பட்டணம் போகிற நாளுக்கோ விடலாம்.

அதுக்கும் கணினி தாங்காதெண்டால் டூமின் பழைய வழி இப்பவும் திறந்துதான் இருக்கு. கவுன்டர் ஸ்ட்ரைக், டோட்டா 2 போன்றவற்றில் விளையாட்டே டெமோவோ ரீப்ளேயோ தரும். அதில் இல்லாதது ஒன்றுதான், உங்கட குரல். குரலை ஒரு பழைய போனிலேயே தனியாகப் பிடிக்கலாம். 64 கேபிபிஎஸில் ஒரு மணித்தியாலம் பேசினாலும் 30 எம்பி வராது. பிறகு வலுவான கணினி வைத்திருக்கிற ஒரு சிநேகிதன் ரீப்ளேயை ஓட்டிப் படமாக்கி, குரலைச் சேர்த்துத் தரலாம்.

அந்தக் குரல்தான் முக்கியம் எண்டு நினைக்கிறன். போர்க்காலத்தில் வெளிநாட்டுக்குப் போன சொந்தக்காரருக்குக் கசற்றில் பேசி அனுப்பின குடும்பங்கள் எங்களிட்ட நிறைய. அந்தக் கசற்றுகளில் படம் இல்லை. பின்னால் கூவுற சேவலும், குறுக்க கதைக்கிற அம்மம்மாவும் இருக்கினம். துல்லியமான 4கே ஆட்டம் யூரியூபில் கோடிக்கணக்கில் கிடக்கு. நெடுந்தீவுத் தமிழில் "டேய், பின்னால வாறான், பின்னால வாறான்" எண்டு கத்துற ஆட்டம் எத்தனை கிடக்கு? நல்ல பிசி வரும்வரை பொறுத்தால் அந்தச் சத்தம் பதிவாகாமலே போயிடும். இருக்கிற மெசின் காணும், இண்டைக்கே தொடங்கலாம்.