ஏப்ரல் 9, 1942: நமது கடலில் மூழ்கிய ஹெர்மிஸும் தீவுத் தளங்கள் சொல்லும் பாடமும்



இரண்டாம் உலகப் போர் என்றதும் நமது பிள்ளைகள் ஹிட்லர், ஹிரோஷிமா, பேர்ள் துறைமுகம் என்று சொல்லிவிடுவார்கள். அதே போரில் மூழ்கிய பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஒன்று மட்டக்களப்புக்கு நேரே, கரையிலிருந்து சில மைல் தூரத்தில், சுமார் 50 மீற்றர் ஆழத்தில் இன்றும் கிடக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கல்முனையில் பஸ் ஏறினால் ஒரு மணித்தியாலம் சொச்சத்தில் அந்தக் கடற்கரைக்குப் போய்விடலாம். அன்று கல்முனையும் மட்டக்களப்பு மாவட்டத்திற்குள்தான் இருந்தது. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். ஆகவே இது நமது கடலின் கதை. திருகோணமலைத் துறைமுகம் பற்றியும் அங்குள்ள எண்ணெய்க் குதங்கள் பற்றியும் மீண்டும் மீண்டும் பேச்சு எழுகின்ற இக்காலத்தில் இதை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முதலில், போர்க்காலத்தில் ஒரு தீவுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

போர்க்கப்பல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதன் எண்ணெய் தீரும் வரைதான் ஓடும். குடிநீர் வேண்டும், உணவு வேண்டும், பழுது பார்க்க இடம் வேண்டும். பரந்த சமுத்திரத்தின் நடுவே இவை அனைத்தும் கிடைக்கும் ஒரு தீவு யாருடைய கையில் இருக்கிறதோ, அவர்களுடைய கப்பல்கள் அந்தக் கடலில் நிலைத்து நிற்கும். மற்றவர்கள் வந்து அடித்துவிட்டுத் திரும்பத்தான் வேண்டும். தீவில் விமானத் தளமும் இருந்தால் பல நூறு மைல் தூரத்திற்குக் கண்ணும் கிடைத்துவிடும்.

திருகோணமலைக்கு இந்தச் சிறப்புகள் எல்லாம் உண்டு. ஆழமான இயற்கைத் துறைமுகம், சுற்றிலும் குன்றுகள், எந்தப் பருவக்காற்றிலும் கப்பல்கள் பாதுகாப்பாக நிற்கக்கூடிய இடம். 1782இல் பிரெஞ்சுக்காரர் அதை ஆங்கிலேயரிடமிருந்து பறித்ததும், 1795இல் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து பிடித்ததும் இதனால்தான். பின்னர் ஆங்கிலேயர் அங்கு ஏறத்தாழ நூறு பெரிய எண்ணெய்க் குதங்களைக் கட்டினார்கள். பக்கத்தில் சீனன்குடாவில் விமானத் தளமும் அமைத்தார்கள்.

ஆனாலும் கிழக்கில் அவர்கள் முழுமையாக நம்பியிருந்தது இன்னொரு தீவை, சிங்கப்பூரை. 1941 டிசம்பர் 10ஆம் திகதி பிரின்ஸ் ஒப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மலாயாக் கடலில் மூழ்கடித்தன. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது. மார்ச் 8இல் ரங்கூன் வீழ்ந்தது. மார்ச் 23இல் அந்தமான் தீவுகள் ஜப்பானியர் வசமாயின. மூன்றரை மாதத்திற்குள் போரின் எல்லை நமது வாசலுக்கு வந்துவிட்டது. எகிப்தில் போரிட்ட படைகளுக்கான கடல் வழி, ஈரானிய எண்ணெய், இந்தியாவுக்கான பொருட்கள் எல்லாமே இலங்கையைச் சூழ்ந்த கடலில் தங்கியிருந்தன. மலாயா போன பின் நேச நாடுகளுக்குப் பெருமளவில் இறப்பர் கிடைக்கும் இடமும் இலங்கைதான்.

அட்மிரல் நகுமோவின் தலைமையில் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் இந்து சமுத்திரத்திற்குள் நுழைந்தன. ஏப்ரல் 4ஆம் திகதி கொக்கலையிலிருந்து பறந்த கனடிய விமானி லெனாட் பேர்ச்சல் அந்த அணியைக் கண்டு செய்தி அனுப்பினார். செய்தி போய்ச் சேர்ந்தது. அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு, அவர் கைதியானார். மறுநாள், ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பு தாக்கப்பட்டது. அன்று பிற்பகல் டோர்செட்ஷயர், கோர்ன்வால் என்ற இரண்டு குரூஸர் கப்பல்கள் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. அவற்றில் 424 பேர் இறந்தார்கள்.

அப்படியானால் பிரித்தானியரின் பிரதான கப்பல் அணி எங்கே போனது? அது கொழும்பிலும் இல்லை, திருகோணமலையிலும் இல்லை. மாலைதீவின் தென்கோடியில் உள்ள அட்டு பவளத்தீவில், ஜப்பானியருக்குத் தெரியாத ஓர் இரகசியத் தளம் இருந்தது. அட்மிரல் சமர்வில் தமது அணியை எண்ணெயும் நீரும் நிரப்ப அங்கே கொண்டு போயிருந்தார். ஏப்ரல் 4இல்தான் அங்கே போய்ச் சேர்ந்திருந்தார்கள். வசதி என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் எதிரியின் வரைபடத்தில் இல்லாத அந்தச் சிறு தீவு ஒரு முழு அணியைக் காப்பாற்றியது. உலகம் முழுக்கப் பெயர் தெரிந்த நமது துறைமுகங்கள்தான் குண்டுகளை வாங்கின.

ஏப்ரல் 8இல் ஜப்பானிய அணி மீண்டும் காணப்பட்டது. அன்றிரவே திருகோணமலையில் நின்ற கப்பல்கள் வெளியேற்றப்பட்டன. ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கி, அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலான வம்பயருடன் கரையோரமாகத் தெற்கு நோக்கி வந்தது. 9ஆம் திகதி காலை நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. சீனன்குடா விமானத் தளமும் துறைமுகமும் சேதமடைந்தன. ஒரு ஜப்பானிய விமானம் எண்ணெய்க் குதம் ஒன்றின் மீது விழுந்து, அந்தத் தீ நாட்கணக்கில் எரிந்தது.

தாக்குதல் முடிந்ததென்று திரும்பி வந்துகொண்டிருந்த ஹெர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் அகப்பட்டது. விமானங்களைச் சுமப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட உலகின் முதல் கப்பல்களில் அது ஒன்று. ஆனால் அன்று அதில் ஒரு விமானம்கூட இருக்கவில்லை, எல்லாம் கரையில் விடப்பட்டிருந்தன. உதவிக்கு அழைத்த விமானங்கள் வந்து சேர்வதற்குள் கப்பல் மூழ்கிவிட்டது. கப்டன் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள். வம்பயரும், ஹொலிஹொக் என்ற சிறிய போர்க்கப்பலும், இரண்டு எண்ணெய்க் கப்பல்களும் அதே நாளில் அதே கடலில் மூழ்கின. வீட்டா என்ற மருத்துவக் கப்பல் அறுநூறு பேரளவில் மீட்டுச் சென்றது.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. தீவை ‘மூழ்காத விமானந்தாங்கிக் கப்பல்’ என்று சொல்வார்கள். ஆனால் விமானம் இல்லாத ஹெர்மிஸுக்கு நேர்ந்ததுதான் போதிய பாதுகாப்பில்லாத தீவுத் தளத்துக்கும் நேரும். நல்ல அமைவிடம் மட்டும் யாரையும் காப்பாற்றாது. காப்பாற்ற ஆளும் ஆயுதமும் இல்லாவிட்டால் அது எதிரிக்கு விலாசம் காட்டும் பலகைதான். இரண்டு வருடங்களில் இதே திருகோணமலையின் நிலை மாறியதையும் பாருங்கள். 1944 ஏப்ரலில் அங்கிருந்து புறப்பட்ட பிரித்தானிய, அமெரிக்க விமானந்தாங்கிகள் சுமாத்ராவின் வடமுனைக்கு அப்பால் தீவுத் துறைமுகமான சபாங்கைத் தாக்கின. துறைமுகம் அதேதான். இம்முறை அதற்குப் பின்னால் பலம் இருந்தது.

சரி, இதில் நமது மக்கள் எங்கே?

போருக்கு முன் நாட்டுக்குத் தேவையான அரிசியில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்தது, முக்கியமாக பர்மாவிலிருந்து. ரங்கூன் போனதும் அரிசிக் கப்பல்கள் நின்றன. அரிசி பங்கீட்டுக்கு வந்தது, அரிசி குறைந்த இடத்தைக் கோதுமை மா பிடித்தது. நமது உம்மம்மாமார் வாயில் ‘கூப்பன்’ என்ற சொல் தங்கியதும் அந்தக் காலத்திலிருந்துதான். பெரிய எண்ணெய்க் குதங்களைக் கட்டிய அரசு, சனத்தின் அரிசியைக் கடலுக்கு அப்பால் விட்டு வைத்திருந்தது. வயல் சூழ்ந்த நமது பிரதேசத்தில் வாழ்கின்றவர்கள் இதை மறக்கக் கூடாது. ஒரு தீவின் முதல் பாதுகாப்பு அதன் சோறு.

நமது நாட்டு இளைஞர்களும் இன்னொரு தீவைக் காக்க அனுப்பப்பட்டார்கள். கொக்கோஸ் தீவில் காவலில் நின்ற இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் 1942 மே 8ஆம் திகதி இரவு பிரித்தானிய அதிகாரிகளுக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். கிளர்ச்சி தோற்றது. கிரேஷியன் பெர்னாண்டோ உட்பட மூவர் ஆகஸ்ட் மாதம் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தப் போர் யாருடையது என்ற கேள்வி அப்போதே எழுந்திருந்தது.

அந்தக் கேள்வி இன்றும் முடியவில்லை. 1957இல் திருகோணமலைத் தளம் நமது நாட்டின் கைக்கு வந்தது. நமக்குத் தெற்கே டியாகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் அமைப்பதற்காக, சாகோஸ் தீவுகளின் மக்கள் 1973க்குள் முழுமையாக வெளியேற்றப்பட்டார்கள். நமது எண்ணெய்க் குதங்களில் 99 எஞ்சியுள்ளன. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 14 இந்திய நிறுவனத்துக்கும், 24 நமது பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இருவரும் சேர்ந்த கம்பனிக்கும் போயின. இது நல்லதா கெட்டதா என்று ஒரு வரியில் தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. ஆனால் இப்படியான ஒப்பந்தம் ஒன்று வரும்போது மூன்று கேள்விகளையாவது நாம் கேட்க வேண்டும். சண்டை வந்தால் இந்தத் துறைமுகத்தை யார் பாவிப்பார்கள்? அப்போது இங்குள்ள சனத்தை யார் காப்பார்கள்? கப்பல் வராவிட்டால் எத்தனை மாதத்திற்கு நம்மிடம் அரிசியும் எண்ணெயும் இருக்கும்?

ஹெர்மிஸ் கிடக்கும் இடம் முந்நூறு பேரின் அடக்கத்தலம். இரும்புக்காகவும் படம் பிடிக்கவும் மட்டும் அதை நினைக்காமல் மரியாதையோடு நினைப்போம். உங்கள் வீட்டில் எண்பது, தொண்ணூறு வயதைத் தாண்டிய பெரியவர்கள் இருந்தால், குண்டு போட்ட காலத்தையும் கூப்பன் காலத்தையும் பற்றி அவர்களிடம் கேளுங்கள். தங்கள் பெற்றோர் சொன்னதையாவது சொல்வார்கள். கேட்டதைக் கொப்பியில் எழுதி வையுங்கள், பின்னூட்டத்திலும் பதியுங்கள். அதைச் சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே மிகச் சிலரே மிச்சம்.